20 கிராம் கணக்கைக் கேட்டால் நான் விஞ்ஞான விரோதியா?

ஞாயிற்றுக்கிழமை உழவர் கருத்தரங்கில் நடந்ததை உங்களில் பலர் காணொளியில் பார்த்துவிட்டீர்கள். யூரியா மூட்டைக்குப் பதிலாக இலையில் தெளிக்கச் சொல்லி விற்கும் திரவ உரமான நானோ யூரியா பற்றி நான் கேட்டது ஒரே ஒரு கணக்கு. பதில் வரவில்லை, "விஞ்ஞான விரோதி" என்ற பட்டம் வந்தது, அதற்குக் கைதட்டலும் கிடைத்தது. நேரமில்லை என்று மைக்கை வாங்கிக்கொண்டார்கள். அதனால் அதே கணக்கை இங்கே எழுதுகிறேன்.

45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து (நைட்ரஜன்) 46 சதவீதம், அதாவது 20 கிலோவுக்குச் சற்று அதிகம். 2021இல் உரக் கூட்டுறவு நிறுவனமான இஃப்கோ கொண்டுவந்த அரை லிட்டர் நானோ யூரியா பாட்டிலில் 4 சதவீதம், அதாவது 20 கிராம். இந்தப் பாட்டில் அந்த மூட்டைக்கு ஈடு என்றார்கள். ஒரு டன் நெல் விளையப் பயிர் ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ தழைச்சத்தை எடுத்துக்கொள்கிறது. மண்ணில் இடும் யூரியாவில் மூன்றில் இரண்டு பங்கு வீணாகிறது என்றே வைத்துக்கொண்டாலும், மூட்டையிலிருந்து ஏறக்குறைய ஏழு கிலோ பயிருக்குச் சேரும். பாட்டிலில் இருப்பது ஒரு சொட்டு சிந்தாமல் இலைக்குள் போனாலும் 20 கிராம்தான். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

துகள் நானோ அளவில் இருப்பதால் இலைத்துளை வழியே எளிதில் நுழைகிறதாம். சாதாரண யூரியாவே தண்ணீரில் முழுவதும் கரையக்கூடியது. கரைந்த மூலக்கூறு ஒரு நானோமீட்டரைவிடச் சிறியது. பயறுக்கு 2 சதவீத டி.ஏ.பி. உரக் கரைசல் தெளித்துப் பழகிய நமக்கு இலைவழி உரம் புதிதல்ல. அதை நான் எதிர்க்கவும் இல்லை. என் கேள்வி அளவைப் பற்றியது.

என் அப்பா மேலுரம், அதாவது வளரும் பயிருக்கு இடையில் இடும் உரம், போடுவதற்கு முன் இலை வண்ண அட்டையோடு வயலில் இறங்குவார். வெயில் நேராக விழாதபடி தன் நிழலில் பயிரை மறைத்துக்கொண்டு, முழுதாக விரிந்த மேல் இலையை அட்டையின் பச்சைப் பட்டைகள் மேல் வைத்துப் பார்ப்பார். நிறம் இறங்கியிருந்தால்தான் யூரியா. இல்லையென்றால் மூட்டை கொட்டகையிலேயே கிடக்கும். யூரியாவைக் குறைக்க வேண்டும் என்று அந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு மேடையிலிருந்து பாடம் எடுக்கிறார்கள்.

"வெளிநாட்டுக்காரர்கள் பொறாமையில் எழுதியதை நம்புகிறாய்" என்று ஒருவர் எழுதியிருந்தார். கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் எழுதிய விமர்சனத்தை ஒதுக்கியே வைப்போம். லூதியானாவில் இருக்கும் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகமும் வெளிநாடா? அங்கே நானோ யூரியாவை வைத்து நடந்த இரண்டு ஆண்டு வயல் ஆய்வில், வழக்கமான உர முறையோடு ஒப்பிடும்போது கோதுமை விளைச்சல் 21.6 சதவீதமும் நெல் 13 சதவீதமும் குறைந்தன. இஃப்கோ தரப்பு 11,000 வயல்களில் சோதித்ததாகச் சொல்கிறது. நல்லது, வயல்வாரியான விவரத்தைக் காட்டுங்கள், படித்துக்கொள்கிறோம். அதோடு இன்னொன்றையும் விளக்குங்கள். 20 கிராமே போதும் என்றால், 2024இல் வந்த நானோ யூரியா பிளஸ்ஸில் தழைச்சத்தை 20 சதவீதமாக ஏன் உயர்த்தினீர்கள்? அப்போதும் பாட்டிலுக்கு 100 கிராம்தான் என்பது வேறு விஷயம்.

யூரியாவை அதிகம் கொட்டுவதால் அரசுக்கு மானியச் சுமை, நிலத்தடி நீரில் நைட்ரேட் என்பதெல்லாம் உண்மை. மறுக்கவில்லை. நானோ நுட்பத்தையே வெறுக்கிறேன் என்பதுதான் பொய். கோவை வேளாண் பல்கலைக்கழகம், செடிகளில் இயற்கையாகவே இருக்கும் ஹெக்சனால் என்ற பொருளின் நானோ கரைசலால் மாம்பழம் கெடாமல் இருக்கும் நாட்களைக் கூட்டிக் காட்டியபோது இதே பக்கத்தில் பாராட்டி எழுதினேன். அந்தப் பதிவை இப்போது என்னை வசைபாடும் ஒருவரும் பகிரவில்லை.

இன்னொரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். போன சம்பாவில் மேலுரத்துக்கு மூட்டை கேட்டுப் போன எங்களுக்கு, பாட்டிலும் சேர்த்து எடுத்தால்தான் மூட்டை என்றார் கடைக்காரர். அத்தனை அற்புதமான சரக்கை ஏன் இப்படித் தலையில் கட்ட வேண்டும்? கேட்டால், விவசாயிக்குப் புதுமை புரியாது என்கிறார்கள். புரியாதவன்தான் கடன் வாங்கி நடுகிறான், பொய்த்தால் அந்தக் கடனையும் அவனே அடைக்கிறான். பாட்டில் விற்றவரோ மேடையில் பேசியவரோ அதில் ஒரு ரூபாய் பங்கு எடுத்துக்கொள்வதில்லை. அன்று கைதட்டிய நண்பர்களில் எத்தனை பேர் தம் சொந்த வயலில் மேலுரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு, இந்தப் பாட்டிலை நம்பி ஒரு போகம் எடுத்திருக்கிறார்கள்? எடுத்தவர்கள் எந்த ரகம், எத்தனை மூட்டை கண்டது என்று கீழே எழுதுங்கள்.