மொட்டைக்கறுப்பனும் வைக்கோலும்

புதிய நெல் இனங்களால் சோற்றின் ருசியே போய்விட்டது என்கிறார், நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர். பாதிதான் சரி. நாங்கள் மொட்டைக்கறுப்பன் என்ற பழைய நெல் இனத்தை விதைத்த காலத்தில் பயிர் நெஞ்சளவு நிற்கும். தையில் ஒரு மழை பெய்தால் அப்படியே படுத்துவிடும். ஈரத்தில் கிடந்து முளைவிட்ட கதிரை அம்மம்மா உதறி உதறிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. 1970களில் இலங்கையின் பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த குட்டை இனங்கள் உரம் போட்டாலும் சாயாமல் நின்றன. அவை இல்லாவிட்டால் எத்தனை வீட்டில் அடுப்பு எரிந்திருக்கும்? ஆனால் தண்டு குட்டையானதும் வைக்கோலும் குறைந்தது, மாட்டுக்குத்தான் நட்டம். அதைக் கட்டுரையில் காணவில்லை. ருசியில் மட்டும் கட்டுரையாளருடன் எனக்குச் சண்டை இல்லை: புட்டுக்கு நான் இன்றும் மொட்டைக்கறுப்பன் மாவைத்தான் தேடி வாங்குகிறேன்.