உதகையின் உயரமும் ஜேக்-2 கைனேஸும்

மேட்டுப்பாளையத்திலிருந்து, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகைக்கு வந்து தங்குவோருக்குச் சிவப்பணுக்கள் கூடுவது முழுக்கக் கைனேஸ்களின், அதாவது பாஸ்பேட்டைச் சேர்க்கும் நொதிகளின், வேலை என்று நான் படித்த ஒரு கட்டுரை கூறுகிறது. பாதிதான் சரி. சிறுநீரகத்தில் எரித்ரோபொயட்டின் என்ற, சிவப்பணு உற்பத்தியைக் கூட்டும் ஹார்மோனின் மரபணுவைத் தூண்டும் ஹிஃப் புரதத்தை, ஆக்சிஜன் போதுமானதாக இருக்கும்போது, ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்க்கும் நொதிகளே அழிவுக்கு அனுப்புகின்றன. ஆக்சிஜன் குறைந்தால் அவை மந்தமாகி ஹிஃப் தப்பிவிடுகிறது. அங்கே முதன்மைப் பங்கு கைனேஸுக்கு இல்லை.

கைனேஸ் களமிறங்குவது எலும்பு மஜ்ஜையில். எரித்ரோபொயட்டின், சிவப்பணுவாக வளரவிருக்கும் முன்னோடிச் செல்லின் ஏற்பியில் அமர்ந்ததும், உட்புறம் ஒட்டியிருக்கும் ஜேக்-2 என்ற கைனேஸின் இரு மூலக்கூறுகள் ஒன்றையொன்று கிளர்த்தி, ஏற்பியின் வாலிலுள்ள டைரோசின் என்ற அமினோ அமிலங்களில் பாஸ்பேட்டைச் சேர்க்கின்றன. அங்கு வந்து ஒட்டும் ஸ்டாட்-5 புரதமும் பாஸ்பேட் பெற்று, இரண்டிரண்டாக இணைந்து, உட்கருவுக்குள் சென்று, செல் மடியாமல் காக்கும் மரபணுக்களைப் படியெடுக்க வைக்கிறது. மடியவிருந்த செல்கள் பிழைத்துக்கொள்வதுதான், என் பார்வையில், இதில் மிக அழகான பகுதி. கட்டுரை அதைத் தொடவே இல்லை.

ஜேக்-2 புரதத்தின் 617ஆம் இடத்தில் வாலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் பினைல்அலனின் வந்துவிட்டால், ஹார்மோன் இல்லாமலே அது ஓயாது இயங்கும். சிவப்பணுக்கள் அளவுமீறிப் பெருகும் பாலிசைதீமியா வேரா என்ற இரத்த நோயின் நோயாளிகளில் பெரும்பாலோரிடம் இந்த மாற்றம் இருப்பது 2005இல் தெரியவந்தது. ஆகவே கோத்தகிரியிலோ குன்னூரிலோ ஒருவருக்கு ஹீமோகுளோபின் மிகுந்திருந்தால், மலைவாசம்தான் காரணம் என்று ஒதுக்கிவிடாமல், மருத்துவர் எரித்ரோபொயட்டின் அளவையும் கேட்பது ஏன் என்று இரண்டு வரி சேர்த்திருக்கலாம்: அந்நோயில் அது பெரும்பாலும் குறைந்திருக்கும், உயரத்தின் விளைவானால் அப்படிக் குறையாது.