அந்தத் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்

ஊரடங்கு நாட்களில் வெந்நீர் கொட்டிய குழந்தையை மறுநாள்தான் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார் என்று ஒரு தாயைப் பற்றி மருத்துவர் ஒருவர் சமூக வலைத்தளத்தில் எழுதிய பதிவை நேற்றிலிருந்து பலரும் எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்த மருத்துவரின் திறமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பெற்றோரின் அலட்சியமே காரணம் என்று அவர் முடித்திருப்பதையும், அதன் கீழே குவிந்திருக்கும் வசவுகளையும் படித்தபின் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

அந்தத் தாய் அலட்சியமாக இருக்கவில்லை, பயந்துபோய் இருந்தார். அந்தப் பயத்தை அவருக்கு ஊட்டியவர்கள் நாம். 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தபின், வீட்டைவிட்டு வெளியே வராதீர்கள் என்று இரவும் பகலும் சொன்னோம். தீக்காயம், விஷம், மூச்சுத்திணறல் என்றால் தயங்காமல் ஓடி வாருங்கள் என்று அதே அளவுக்கு உரக்கச் சொன்னோமா?

இத்தாலியில் அந்த மார்ச் மாதத்தில் குழந்தைகளுக்கான அவசரப் பிரிவுகளுக்கு வந்தோர் எண்ணிக்கை 73 முதல் 88 சதவீதம் வரை குறைந்ததாகவும், தாமதமாகக் கொண்டுவரப்பட்ட சில குழந்தைகள் இறந்துபோனதாகவும் அங்குள்ள மருத்துவர்களே எழுதினார்கள். அமெரிக்காவில் ஏப்ரலில் அவசரப் பிரிவு வருகைகள் மொத்தத்தில் 42 சதவீதம் சரிந்தன. 14 வயதுக்குட்பட்டவர்களிடையே சரிவு இன்னும் கடுமையாக இருந்தது. இத்தனை நாட்டுப் பெற்றோர்களும் ஒரே மாதத்தில் அலட்சியக்காரர்கள் ஆகிவிட்டார்களா?

உடனே ஓடியவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்கிறேன். என் அக்கா மகள் ரிமோட்டிலிருந்து கழன்ற பட்டன் பேட்டரியை விழுங்கிவிட்டாள். உணவுக்குழாயில் சிக்கிய பேட்டரி, எச்சிலின் ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து உருவாகும் காரத்தால் 2 மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரித்துவிடக்கூடும். அதை அறிந்து பதறி ஓடிய அக்காவை மருத்துவமனை வாசலில் நிறுத்தி, காய்ச்சல் உண்டா, யாரோடு பழகினீர்கள், பரிசோதனை முடிவு எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எக்ஸ்ரே எடுக்கவே நெடுநேரம் ஆயிற்று. குழந்தை பிழைத்துக்கொண்டாள், ஆனால் சுருங்கிப்போன உணவுக்குழாயை விரிப்பதற்காக அவளைத் திரும்பத் திரும்ப மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைக்க வேண்டியிருந்தது. இங்கே அலட்சியம் யாருடையது?

எல்லோரும் வீட்டில்தானே இருந்தார்கள், ஒரு குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடியாதா என்று கேட்கிறார்கள். இருந்தார்கள், ஆனால் சும்மா இருக்கவில்லை. ஒருவர் கணினியில் அலுவலகக் கூட்டத்தில், மூத்த பிள்ளை இணைய வகுப்பில், அடுப்பில் கொதிக்கும் பாத்திரம், தொற்றுக்கு அஞ்சி விலகியிருந்த தாத்தா பாட்டி. போதாக்குறைக்கு, குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் சானிடைசர் புட்டி. அதிலுள்ள ஆல்கஹால் சிறு குழந்தையின் ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடக்கூடியது. 2020இன் முதல் மூன்று மாதங்களில் அமெரிக்க நச்சு ஆலோசனை மையங்களுக்குத் துப்புரவுப் பொருட்கள், கிருமிநாசினிகள் தொடர்பாக வந்த அழைப்புகள் முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூடின. வீடு அப்போது பாதுகாப்பான இடமாக இருக்கவில்லை.

ஊரடங்கே கூடாது என்கிறாயா என்று கேட்பவர்களுக்கு, நான் அப்படிச் சொல்லவில்லை என்பதே பதில். கவச உடைக்குள் வியர்த்து உழைத்த மருத்துவர்களையும் செவிலியர்களையும் நான் குறைத்துப் பேசவில்லை. அவர்களுடைய களைப்பைப் புரிந்துகொள்ளும் நாம், ஒரு தாயின் கலக்கத்தை மட்டும் ஏன் புரிந்துகொள்ள மறுக்கிறோம்?

காயத்தில் பற்பசை தடவினாராம், அதற்கும் ஏளனம். ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும், மூன்று மணி நேரம் வரை அது பயன் தரும் என்பதை அத்தனை அறிவிப்புகளுக்கு நடுவே அவரிடம் யார் சொன்னார்கள்? அந்த நீண்ட பதிவில்கூட அந்த ஒரு வரி இல்லை. குழந்தையின் வெந்த கையின் படம் மட்டும் இருக்கிறது. அந்தப் படத்தைப் போடத் தாயிடம் அனுமதி கேட்டாரா என்று அவர் பதிவிலேயே கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. கேட்கவில்லை என்றால், இன்றே அதை நீக்க வேண்டும்.