பாடம் யாருக்கு நடத்த வேண்டும்?

ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வாரம். அது வந்துவிட்டால் போதும், பிள்ளை பெற்றவளைப் பிடித்து உட்கார வைத்து எல்லோரும் பாடம் நடத்தத் தொடங்கிவிடுகிறார்கள். பாடம் கேட்க வேண்டியவள் அவள்தானா?

தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான். ஆனால் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் இங்கே சுமார் 60 சதவீதம். சேனை வைக்கும் பாட்டியையும் கழுதைப்பால் தேடும் மாமியாரையும் மட்டும் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. மீதிக் குழந்தைகளும் மருத்துவர், செவிலியர் கண்ணெதிரே பிறந்தவைதானே! அதே ஆய்வில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன். முதுகில் ஊசி போட்டு அறுவை செய்த தாய் பெரும்பாலும் விழித்துத்தான் இருப்பாள். குழந்தையைத் தாங்கிப் பிடிக்க ஓர் ஆள் இருந்தால் பால் கொடுத்துவிடலாம். அந்த ஆளை நிறுத்துவதைவிட டப்பா பால் எழுதிக் கொடுப்பது எளிது.

என் தங்கைக்கு அதுதான் நடந்தது. பால் ஊறவில்லை என்று மறுநாளே டப்பா வாங்கிவரச் சொன்னார்கள். பால் பெருக இரண்டு மூன்று நாளாகும், அதுவரை சொட்டுச் சொட்டாக வரும் சீம்பாலே அந்தச் சின்ன வயிற்றுக்குப் பெரும்பாலும் போதும் என்பது அங்கே யாருக்குத் தெரியாது? சப்பச் சப்பத்தான் பால் ஊறும். டப்பா பாலில் வயிறு நிறைந்த குழந்தை எதற்குச் சப்பும்? கடைசியில் பழி அவள் உடம்பின் மேல். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொன்ன பெரியம்மாவோடு சண்டை போட முடிந்தது. டாக்டரோடு போட முடியவில்லை.

சீம்பாலில் உள்ள எதிர்ப்புப் புரதங்கள் குழந்தையின் குடல் சுவரில் படிந்து, கிருமி ஒட்டாமல் தடுக்கின்றன. வீட்டில் உலவும் கிருமிகளுக்கு எதிராகத் தாயின் உடம்பு உண்டாக்குவதும் பாலில் இறங்குகிறது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் காதில் சீழ் வடிவதும் குறைவாக இருப்பது இதனால்தான். ஆறு மாதம்வரை, கத்திரி வெயிலிலும் தண்ணீர்கூடத் தேவையில்லை.

பால் பவுடர் விளம்பரத்தையும் இலவச மாதிரியையும் தடுக்க 1992லேயே சட்டம் வந்துவிட்டது. வார்டுக்குள்ளிருந்தே சீட்டு எழுதி வந்தால் அந்தச் சட்டம் என்ன செய்யும்? மருத்துவக் காரணத்தால் டப்பா பால் தேவைப்படும் குழந்தைகள் உண்டு; அவர்களைப் பற்றி நான் பேசவில்லை. மற்றவர்களுக்கு எழுதினால், காரணத்தையும் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். சிசேரியன் ஆனால் எவ்வளவு நேரத்தில் குழந்தையைத் தாயின் மார்பில் போடுவீர்கள் என்று பிரசவத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு மருத்துவமனை பாருங்கள்.