லேசர் மேசையை விட்டு இறங்க எவ்வளவு பணம் வேண்டும்?

குவாண்டம் என்றாலே நம் ஊர் விவாதம் "எத்தனை கியூபிட்?" என்பதில் போய் நின்றுவிடுகிறது. (கியூபிட் என்பது குவாண்டம் கணினியின் தகவல் அலகு.) தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 2023 ஏப்ரல் 19 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோதும் அதே கதைதான். 6,003.65 கோடி ரூபாய், 50 முதல் 1000 கியூபிட் என்று தலைப்புச் செய்திகள் ஓடின. அதைவிட முக்கியமாக எனக்குப் பட்டது 2024 நவம்பரில் வந்த சின்னப் பட்டியல். திட்டத்தின் நிதிக்கு எட்டு ஸ்டார்ட்அப்களைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதில் டிமிரா செய்வது கடுங்குளிரில் ஓடும் கேபிள். பிரெனிஷ்க் செய்வது டயோடு லேசர். பிரிஸ்டைன் டயமண்ட்ஸ் உணரிகளுக்கான வைரம், குவான்2டி ஒற்றை ஃபோட்டானை, அதாவது ஒரே ஒரு ஒளித்துகளை, பிடிக்கும் டிடெக்டர். பாதிக்குப் பாதி உதிரிபாகக்காரர்கள்!

சரியான தேர்வு என்பேன். "100 கியூபிட் கட்டுகிறேன்" என்று வருகிறவருக்கு 50 லட்சம் கொடுத்தால், கியூபிட்டைக் கடுங்குளிரில் வைக்கும் டைல்யூஷன் ரெஃப்ரிஜிரேட்டருக்கு அட்வான்ஸ் கட்டுவதோடு அது தீர்ந்துவிடும். அதே 50 லட்சத்தில் ஒரு உதிரிபாகத்தை ஆய்வக மேசையிலிருந்து இறக்கி, வாடிக்கையாளரின் ரேக்கில் ஏற்றிவிடலாம். ஆனால் அந்த இறக்கம் எங்கே வலிக்கும் என்று பணம் தருகிறவர்களுக்கும் தெரிவதில்லை, கேட்கிறவர்களும் எழுதுவதில்லை.

டயோடு லேசரையே எடுத்துக்கொள்வோம். ரூபிடியம் அணுவை வைத்துக் கடிகாரமோ ஈர்ப்புமானியோ செய்ய 780.24 நானோமீட்டரில் லேசர் வேண்டும். ஆய்வகத்தில் இது பழகிய வேலை. ஒளி தரும் ஒரு டயோடு, எதிரே குறிப்பிட்ட நிறத்தை மட்டும் திருப்பி அனுப்பும் நுண்கோட்டுத் தகடான ஒரு கிரேட்டிங், அதை நகர்த்த மின்னழுத்தம் கொடுத்தால் நீளும் ஒரு பைசோ, எல்லாம் ஒரு அலுமினியக் கட்டையின் மேல். அலுமினியம் ஒரு டிகிரி சூட்டுக்குப் பத்து லட்சத்தில் 23 பங்கு நீளும். டயோடுக்கும் கிரேட்டிங்குக்கும் உள்ள தூரம் மாறினால் அதே விகிதத்தில் லேசரின் அதிர்வெண்ணும் மாறும். அந்த அதிர்வெண் 384 டெராஹெர்ட்ஸ். ஆக, ஒரு டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 9 கிகாஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். ரூபிடியம் அணு ஒளியை உறிஞ்சும் கோட்டின் அகலமோ வெறும் 6 மெகாஹெர்ட்ஸ். தானாக ஒரு மெகாஹெர்ட்ஸுக்குள் நிற்க வேண்டுமென்றால் வெப்பநிலை ஒரு டிகிரியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் அசையக் கூடாது. அது நடக்காது என்பதால்தான் லேசரை அணுவின் கோட்டோடு பூட்டி (லாக் செய்து), அது விலகும்போதெல்லாம் திருத்தும்படி பைசோவை ஓடவிடுகிறார்கள். பைசோ எட்டும் தூரம் தீர்ந்ததும் லேசர் அடுத்த மோடுக்கு, அதாவது வேறொரு அதிர்வெண்ணுக்கு, தாவும். மாணவர் ஓடி வந்து திருகாணியை ஒரு இழை திருகுவார், சரியாகிவிடும். விற்கும்போது அந்த மாணவரைப் பெட்டிக்குள் வைத்து அனுப்ப முடியாதே.

அடுத்தது ஈரம். வாங்கும் டயோடு சரியாக 780இல் ஒளிராது, சில நானோமீட்டர் தள்ளித்தான் இருக்கும். குளிர்வித்தால் டிகிரிக்குச் சுமார் கால் நானோமீட்டர் இறங்கும். 784இல் நிற்கும் டயோடை 780க்கு இழுக்க 25 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்குப் போக வேண்டும். சென்னையில் வருஷத்தில் பல மாதங்கள் 24, 25 டிகிரியிலேயே காற்றின் ஈரம் துளியாகிவிடும். பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்து உள்ளே சிலிக்கா ஜெல் வைக்காவிட்டால் டயோடின் முகத்திலேயே தண்ணீர் கோத்துக்கொள்ளும். குளிர்நாட்டு ஆய்வகக் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி இருக்காது.

கிரேட்டிங்கை ஒட்டிய எபாக்ஸி இறுகி முடிந்த பிறகும் வாரக்கணக்கில் மெல்ல நகரும், கோணம் போய்விடும். வெளியே போன ஒளியில் கொஞ்சம் திரும்பி வந்தாலும் லேசர் தடுமாறும். அதைத் தடுக்கும் ஐசொலேட்டர் டயோடைவிடப் பல மடங்கு விலை. மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டாமல் தொட்டால் உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தில் டயோடு சத்தமில்லாமல் செத்துப்போகும்.

இதில் எதுவும் புது இயற்பியல் இல்லை. அதனால் கட்டுரை வராது, ஆராய்ச்சி மானியக் குழுவும் அசையாது. தனியார் முதலீட்டாளரோ "ஆர்டர் எங்கே?" என்பார். விதைநிதி, அதாவது தொடக்கநிலைக் கம்பெனிக்குத் தரும் முதல் பணம், போக வேண்டிய இடம் இதுதான்.

விதிகள் வேறு மாதிரி. 2021 ஏப்ரலில் 945 கோடியோடு தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா விதைநிதித் திட்டத்தில், ப்ரோட்டோடைப் வரைக்கும் 20 லட்சம் வரை மானியம். சந்தைக்குப் போக 50 லட்சம் வரை கடனாகவோ, பின்னால் பங்காக மாற்றக்கூடிய கடன்பத்திரமாகவோ (கன்வெர்டிபிள் டிபென்சர்). விண்ணப்பிக்கும்போது கம்பெனிக்கு வயது இரண்டு ஆண்டைத் தாண்டியிருக்கக் கூடாது. வேறு அரசுத் திட்டத்தில் 10 லட்சத்துக்கு மேல் வாங்கியிருக்கக் கூடாது. கட்டமைப்பு வசதி உருவாக்கவும் அந்தப் பணத்தைத் தொடக் கூடாது. மொபைல் செயலிக்கு இதெல்லாம் பொருந்தும். தூய்மை அறையும் வெப்ப அறையும் வேண்டிய கம்பெனிக்கு? 2025 ஜூலையில் ஒப்புதல் பெற்ற ஒரு லட்சம் கோடி ஆராய்ச்சி, மேம்பாட்டு, புத்தாக்க நிதியும் ஆய்வகத்தில் நிரூபித்து முடித்த நிலைக்கு மேல்தான், அதுவும் மானியமாக அல்ல.

ஆகவே, விண்ணப்பம் எழுதுகிறவர்களுக்கு என் யோசனை. மைல்கல்லில் "மேம்பட்ட லேசர்" என்று எழுதாதீர்கள். "15 முதல் 35 டிகிரி வரை, 72 மணி நேரம், கை படாமல் லாக் விடாது" என்று எழுதுங்கள். தவணை அதை அளந்துதான் வரும், தகராறுக்கு இடமிருக்காது. ஒரு பெட்டிக்குப் பட்ஜெட் போடாதீர்கள், மூன்றுக்குப் போடுங்கள். ஒன்று சூட்டிலும் அதிர்விலும் வதைத்து உடைப்பதற்கு, ஒன்று கையிருப்புக்கு, ஒன்று வெளியே அனுப்ப. டயோடை ஒரே முறையில் பத்தாக வாங்கி 780க்குப் பக்கத்தில் இருப்பதைப் பொறுக்குங்கள். இறக்குமதிப் பாகங்களுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும், முதல் வாரமே ஆர்டர் போட்டுவிடுங்கள். இன்னொரு இயற்பியல் முனைவரை வேலைக்கு எடுக்க வேண்டாம். சர்க்யூட் போடத் தெரிந்த ஒருவரும் மெஷினிங் தெரிந்த ஒருவரும் போதும்.

காப்புரிமையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆர்க்கைவ் என்ற ஆய்வுக்கட்டுரை இணையதளத்தில் கட்டுரை ஏற்றுவதற்கு முன்னால் தற்காலிக விண்ணப்பம் போட்டுவிடுங்கள், முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் இருக்கிறது. காப்புரிமை பெரும்பாலும் கல்வி நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கும். உரிம ஒப்பந்தம் கையில் வராமல் நிதிக்குப் போனால் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

கடைசிச் சிக்கல் முதல் வாடிக்கையாளர். அரசு டெண்டரில் ஸ்டார்ட்அப்புக்கு முன்அனுபவ விலக்கு உண்டுதான். ஆனால் தொழில்நுட்பப் பட்டியல் வெளிநாட்டு பிராண்டின் டேட்டாஷீட்டைப் பார்த்து எழுதியதாக இருந்தால் விலக்கு எதற்கு உதவும்? வாங்குகிற பேராசிரியரைக் குற்றம் சொல்லவும் முடியாது. பேர் தெரியாத லேசரை நம்பி ஒரு மாணவரின் ஒரு வருஷத்தைப் பணயம் வைக்க யாருக்கும் மனம் வராது. அதனால் விதைநிதியில் ஒரு பங்கை இரவல் பெட்டிக்கென்றே ஒதுக்க வேண்டும். பெங்களூரு ஐஐஎஸ்சி, சென்னை, மும்பை, டெல்லி ஐஐடிகள் என்று திட்டத்துக்கு நான்கு மையங்கள் இருக்கின்றன. அங்கே ஒரு ஆய்வகத்துக்கு ஆறு மாதம் இலவசமாகக் கொடுங்கள். எப்போது லாக் விட்டது, அப்போது அறை எத்தனை டிகிரி என்று பெட்டியே குறித்துவைக்கட்டும். ஆறு மாதம் கழித்து அந்தப் பதிவு ஃபைலை இணைத்து அடுத்த விண்ணப்பத்தைப் போடுங்கள்.