நியூட்டனைத் துரத்திய பள்ளிக்கூடம் என்று இனி சொல்லாதீர்கள்

அந்தக் காணொளியை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். எல்லாக் குழுக்களிலும் அதுதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. மேடையில் ஒரு பேச்சாளர் சொல்கிறார்: "மக்கு என்று பள்ளிக்கூடம் நியூட்டனைத் துரத்தியது. அவன் மரத்தடியில் போய் உட்கார்ந்தான். உலகத்துக்கே பாடம் சொன்னான்." அரங்கம் எழுந்து நின்று கைதட்டுகிறது.

அது பொய். அவரை எந்தப் பள்ளிக்கூடமும் துரத்தவில்லை. படிப்பை நிறுத்தியது அவருடைய தாய். திரும்ப அழைத்து வந்தது பள்ளிக்கூடம்.

அந்தப் பள்ளி இருக்கிற ஊரில்தான் நான் குடியிருக்கிறேன். இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் கிரான்தம்; சனிக்கிழமைகளில் சந்தை கூடும் ஊர். செயின்ட் வுல்ஃப்ரம் தேவாலயத்தின் கூர்கோபுரம் 280 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும். அதற்கு எதிரிலேயே கிங்ஸ் பள்ளியின் பழைய கல் கட்டடம். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. இன்றும் பள்ளியின் வசத்தில்தான் இருக்கிறது. பக்கத்து ஊரான ராப்ஸ்லியில் பிறந்து வின்செஸ்டர் பிஷப் ஆன ரிச்சர்ட் ஃபாக்ஸ் 1528-இல் இந்தப் பள்ளிக்கு நிதி வைத்தார். ஆக்ஸ்ஃபோர்டில் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியை நிறுவியவரும் அவர்தான். பெரிய பதவிக்குப் போனவர் சொந்த மண்ணின் பிள்ளைகளை மறக்கவில்லை.

நியூட்டன் இங்கே சேர்ந்தது 1655-இல், பன்னிரண்டு வயதில். வுல்ஸ்தோர்ப் வீட்டிலிருந்து ஏழு மைல் தூரம் என்பதால், ஹை ஸ்ட்ரீட்டில் கிளார்க் என்ற மருந்து வணிகர் வீட்டில் தங்கிப் படித்தார். பழைய கட்டடத்தின் ஜன்னல் கல்லில் அவர் பெயர் இருக்கிறது. அவரே செதுக்கியதாகத்தான் ஊரில் நம்புகிறார்கள். குனிந்து அருகில் பார்த்தால் சுற்றிலும் வேறு பிள்ளைகளின் பெயர்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறி, பாதி தேய்ந்து கிடக்கின்றன. அவர்கள் யார் என்று எவரும் கேட்பதில்லை. அவர்களும் அதே பெஞ்சில் அதே லத்தீனைப் படித்தவர்கள்தான்.

தொடக்கத்தில் அவர் கடைசி வரிசை மாணவர் என்பது உண்மை. வகுப்பில் கடைசிக்கு முந்தைய இடம். வயிற்றில் உதைத்த பையனை தேவாலயத்தின் பக்கம் இழுத்துப்போய் அடித்து, அவன் மூக்கைச் சுவரில் தேய்த்தார் என்றும், அதன் பிறகு படிப்பிலும் அவனை முந்தியே தீர்வது என்று வைராக்கியம் கொண்டார் என்றும் சொல்வார்கள். முந்தினார். எங்கே முந்தினார்? இதே பள்ளியில்.

பிறகுதான் அவர் தாய் ஹன்னா, பண்ணையைப் பார்த்துக்கொள் என்று அவரை வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். நியூட்டனுக்கு அது ஒத்துவரவில்லை. அவருடைய ஆடுகள் பிறர் நிலத்தில் மேய்ந்ததற்காக 1659-இல் ஊர் மன்றம் அபராதம் விதித்தது. அந்த நேரத்தில்தான் தலைமையாசிரியர் ஹென்றி ஸ்டோக்ஸ் குறுக்கிட்டார். இந்தப் பிள்ளையை வயலில் வீணாக்காதீர்கள் என்று தாயிடம் மன்றாடினார். தாய்மாமன் வில்லியம் அய்ஸ்கோவும் சேர்ந்துகொண்டார். வெளியூர்ப் பையன்கள் கட்ட வேண்டிய நாற்பது ஷில்லிங் கட்டணத்தை வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார் ஸ்டோக்ஸ். தன் வீட்டிலேயே தங்கவைத்துக் கேம்பிரிட்ஜுக்குத் தயார்படுத்தினார். 1661 ஜூனில் நியூட்டன் டிரினிட்டி கல்லூரிக்குள் நுழைந்தார். அவர் விடைபெற்ற நாளில் ஸ்டோக்ஸ் அவரை எல்லோர் முன்பும் நிறுத்தி, கண்ணீரோடு புகழ்ந்து பேசினார் என்பது இந்த ஊரில் வழிவழியாக வந்த செய்தி. பின்னாளில் இங்கே குடியேறிய மருத்துவர் வில்லியம் ஸ்டூக்லி, பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு இவற்றையெல்லாம் எழுதிவைத்தார்.

அந்த மரத்தடி? அது 1665, 66-இல். கொள்ளைநோயால் கேம்பிரிட்ஜை மூடியபோது, பட்டம் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தவர் அவர். 1687-இல் வெளிவந்த அவருடைய பெரிய நூலான பிரின்சிப்பியா லத்தீனில் இருக்கிறது. அந்த லத்தீன் மரத்திலிருந்து விழவில்லை.

"ஊக்கப்படுத்தச் சொன்ன கதைதானே, இவ்வளவு கோபம் எதற்கு?" என்று கேட்பீர்கள். ஒருவரைத் தூக்கிவிட்டவரின் பெயரை அழித்துவிட்டு, அவரையே துரத்தியவராக்குவதில் என்ன ஊக்கம் இருக்கிறது? ஸ்டோக்ஸ் என்ற பெயர் அந்தப் பேச்சில் ஒரு முறை கூட வரவில்லை. "அந்தத் தாய் வசதியானவள், நாற்பது ஷில்லிங் ஒரு பொருட்டா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். வசதியானவர்தான். பணம் இருந்தும் மனம் இல்லாத வீட்டில் போய் நின்று பேசுவது இன்னும் கடினம். "மேதை எப்படியும் மேலே வந்திருப்பான்" என்கிறார்கள். வந்திருப்பாரோ என்னவோ. வராமல் போனவர்களை நமக்குத் தெரியாது. "வெள்ளைக்காரன் பள்ளிக்கு வக்காலத்தா?" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

இந்தக் காணொளியை எனக்கு முதலில் அனுப்பியது ஊரிலிருக்கும் என் சித்தப்பா. "உன் பெண் தேறாவிட்டால் என்னம்மா, நியூட்டனையே உங்கள் ஊரில் துரத்தினார்களே" என்று எழுதியிருந்தார். ஆறுதலாகத்தான் அனுப்பினார். என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

இங்கிலாந்தின் பெரும்பகுதியில் ஒழிந்துபோன 'லெவன் பிளஸ்' தேர்வு, அதாவது பதினோரு வயதில் எந்தப் பள்ளிக்குப் போவது என்பதை முடிவுசெய்யும் தேர்வு, லிங்கன்ஷயரில் இன்றும் இருக்கிறது. 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பின் நாடெங்கும் பரவிய முறை அது. தேறியவர்கள் கிராமர் பள்ளி என்ற தேர்வு வைத்துச் சேர்க்கும் அரசுப் பள்ளிக்கு, மற்றவர்கள் வேறு பள்ளிக்கு. இப்போது மொத்த இங்கிலாந்திலும் 163 கிராமர் பள்ளிகள்தான் எஞ்சியிருக்கின்றன. கிங்ஸ் பள்ளியும் அவற்றில் ஒன்று. தேர்வு எழுதும்போது பிள்ளைக்குப் பத்து வயதுதான். முடிவு மின்னஞ்சலில் வந்த மாலை, என் மகள் தன் பயிற்சிப் புத்தகங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டினாள். பக்கத்து வீட்டுத் தம்பிக்குக் கொடுத்துவிடலாமா அம்மா என்று கேட்டாள். மூலை மடிந்திருந்த பக்கங்களை நிமிர்த்திவிட்டுத்தான் கட்டினாள். அதற்கு முன்பே ஒரு டியூஷன் மையத்தில் அவளை வைத்துக்கொண்டே, "இவளுக்கு இது வராது" என்று சொன்னார்கள். குழந்தையின் காதில் விழும்படி.

இப்போது சொல்லுங்கள். பன்னிரண்டு வயதில் கடைசிக்கு முந்தைய இடத்தில் இருந்த நியூட்டனுக்குப் பத்து வயதில் இந்தத் தேர்வை வைத்திருந்தால்? கடைசி வரிசைப் பையனையும் உள்ளே வைத்துக்கொண்டு காத்திருந்த பள்ளிக்கூடம் அது. அவன் நின்றுபோனபோது அவன் வீடு வரை போய்ப் பேசிய ஆசிரியர் இருந்த பள்ளிக்கூடம். அந்த மரபில் வந்தவர்கள் பத்து வயதிலேயே கதவைச் சாத்துகிறார்களே என்று கேட்டால் அதில் ஒரு நியாயம் இருக்கும். அந்தப் பேச்சாளர் அதைக் கேட்கவில்லை. படிப்பே வேண்டாம், மரத்தடி போதும் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறார். அதுவும் கட்டணம் கட்டிப் படிக்க வழியில்லாத பிள்ளைகள் நிறைந்த அரங்கில்.

என் மகளுக்கு மரத்தடி வேண்டாம் சித்தப்பா. அவள் இப்போது போகிற பள்ளியில் மாலையில் கூடுதலாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். நியூட்டன் கதையைச் சொல்வதாக இருந்தால் அவரைப் போன்றவர்களைச் சொல்லுங்கள்.

பின்னூட்டத்தில் ஊக்கத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வருகிறவர்கள், அந்த நாற்பது ஷில்லிங்கை விட்டுக்கொடுத்தவர் யார் என்று எழுதிவிட்டு மேலே பேசுங்கள்.