புலி மட்டும் இல்லைங்கண்ணா

அண்ணா, சர்க்கரை பூசிய மக்காச்சோள அவலைப் பற்றி, 'ஃப்ராஸ்டட் ஃப்ளேக்ஸ் பெட்டியில் முதல் நாளிலிருந்தே புலி ஒன்றுதான், மாறவே இல்லை' என்று எழுதியிருக்கிறீங்க. அது சரியில்லைங்க. 1952இல் அமெரிக்காவின் கெல்லாக்ஸ் நிறுவனம் அதைச் 'சுகர் ஃப்ராஸ்டட் ஃப்ளேக்ஸ்' என்ற பெயரில் இறக்கியபோது, டோனி புலியோடு கேட்டி என்ற கங்காருவுக்கும் பெட்டியில் இடம் இருந்தது. எல்மோ யானை, நியூட் என்ற வில்டபீஸ்ட் (ஆப்பிரிக்க மான் வகை) இரண்டையும்கூட வரைந்து பார்த்தார்கள். கங்காரு சீக்கிரமே கழன்றுகொண்டது. புலியும் அப்படியே இருக்கவில்லை. ஆரம்பத்தில் நாலு காலில் நடந்தது, அப்புறம்தான் எழுந்து நின்று தோள் அகன்றது. பல பத்தாண்டுகள் மாறாமல் இருந்தது விளம்பரங்களில் கேட்ட புலியின் குரல்தான். தர்ல் ரேவன்ஸ்கிராஃப்ட், 2005இல் இறந்தவர், அந்த உறுமலுக்குச் சொந்தக்காரர்.

நம்ம உடுமலைப் பக்கத்து மக்காச்சோளம் கோழித் தீவனத்துக்குப் போகிறது. அதற்கு எந்தப் புலியும் வரவில்லை, பாருங்க!